கொட்டுமேளத்தில் தூங்கிய குழந்தை

என் மகளுக்குக் காது குத்தியபோது அவளுக்குப் பதினொரு மாதம். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில் தவிலும் நாதஸ்வரமும் கைக்கெட்டும் தொலைவில் முழங்கிக்கொண்டிருக்க, அவள் தாய்மாமன் மடியில் அயர்ந்து தூங்கினாள். ஆசாரி ஊசியை வைத்த பிறகுதான் விழித்து வீறிட்டாள். "கொட்டுமேளத்துக்கும் அசையல பாரு, என்ன சமர்த்து!" என்று வந்தவர்கள் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகவே இருந்தது. அந்தத் தூக்கத்தின் பொருள் எனக்கு விளங்கப் பின்னும் பதினொரு மாதங்கள் ஆயின.

உண்மையில் அது அவள் பிறந்த இரண்டாம் நாளே ஒரு காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது. 2012 பிப்ரவரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் பிறந்தபோது, செவிலியர் ஒருவர் கையடக்கமான ஒரு கருவியைக் கொண்டுவந்து, ரப்பர் முனையை அவள் காதில் ஒரு நிமிடம் வைத்து எடுத்தார். திரையில் 'ரெஃபர்' என்று வந்தது. "காதுக்குள்ள தண்ணி இருக்கும், எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான்" என்றார். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த கோப்பின் கடைசித் தாளில், கீழ் மூலையில், மறுபரிசோதனை தேவை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதை எங்களுக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லை, நாங்களும் வாசிக்கவில்லை. தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கிய நான், மருத்துவமனைக் கோப்பைப் பத்திரமாகப் பீரோவில் வைப்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சோதனைக்கு ஓ.ஏ.இ. என்று பெயர். நம் உட்காதில், நத்தை ஓடு போல் இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கும் எலும்புக்குள், ஒலியை வாங்கும் மயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றில் வெளிவரிசையில் உள்ளவை, ஒலி வந்து தொட்டதும் தாமும் அசைந்து மிக மெல்லிய எதிரொலி ஒன்றைத் திருப்பி அனுப்புகின்றன. காது கேட்பது மட்டுமன்று, ஒலிக்கவும் செய்கிறது என்பதை 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர் அளந்து காட்டினார். குழந்தை தலையாட்டவோ திரும்பிப் பார்க்கவோ வேண்டியதில்லை. காதில் வைக்கும் முனையில் உள்ள மிகச்சிறிய ஒலிபெருக்கி சத்தம் அனுப்ப, பக்கத்திலுள்ள ஒலிவாங்கி அந்த எதிரொலி வருகிறதா என்று பார்க்கிறது. வராவிட்டால் செவிடு என்று பொருளில்லை. பிறந்த குழந்தையின் காதில் மெழுகோ நீரோ தங்கியிருந்தாலும் எதிரொலி வராது, செவிலியர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் காதில் நீர்தான் என்பதை உறுதிப்படுத்த எளிய வழி, ஒரு மாதத்துக்குள் அதே சோதனையை மறுபடி செய்வது. நாங்கள் விட்டது அந்த ஒரு மாதத்தைத்தான்.

ஒன்றரை வயதாகியும் அவள் பேசாதபோது வீட்டில் தொடங்கியது வேறு வகைப் பரிசோதனை. அத்தை (என் மாமியார், அப்பாவின் கூடப்பிறந்தவர்) அவளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுவார். அவள் சில வேளை திரும்புவாள், எல்லோருக்கும் உயிர் வரும். தட்டு விழுந்த அதிர்வு சிமெண்ட் தரை வழியாக அவள் காலுக்கு எட்டியிருக்கிறது. பின்னால் நிற்பவரின் நிழலும், எதிரில் இருக்கும் நம் கண் போகும் திசையும் அவளுக்குப் போதுமான குறிப்புகளாக இருந்திருக்கின்றன. காது கேட்காத குழந்தைகள் எவ்வளவு கூர்மையாகப் பார்ப்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. தட்டையும் கைத்தட்டலையும் நம்பி நாள் கடத்தியதுதான் எங்கள் இரண்டாவது தவறு.

நாக்கில் வசம்பு தேய்த்தோம். "இவங்கப்பனும் மூணு வயசுலதான் வாயத் திறந்தான்" என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் ஊருக்கென்றே ஒரு கதை இருக்கிறது. ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர் பிறந்த மண் ஸ்ரீவைகுண்டம். பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோக, அங்கே பாட்டாகவே வாய் திறந்தார் என்பது நாங்கள் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த வரலாறு. நாங்களும் போனோம், மொட்டை போட்டோம். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே, அவளுக்கும் ஐந்து வயது வரை அவகாசம் இருக்கிறது என்று நாங்கள் உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டுவிட்டோம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

2013 டிசம்பரில், அவளுக்கு ஒரு வயது பத்து மாதம் ஆனபோது, ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் 'பெரா' எடுக்கச் சொன்னார். நெற்றியிலும் இரு காதுக்குப் பின்னாலும் கம்பி ஒட்டி, காதுக்குள் டிக் டிக்கென்று சத்தம் அனுப்பி, கேள்வி நரம்பிலிருந்து மூளைத்தண்டு வரை அது பயணம் போவதைப் பத்து மில்லி நொடிக்குள் படமாக்கும் சோதனை அது. ஒழுங்காகக் கேட்கும் குழந்தைக்கு ஐந்து அலைகள் தெரியும். அவற்றில் ஐந்தாவது, முப்பது டெசிபல் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்தாலும் மறையாமல் நிற்கும். குழந்தை அசையாமல் தூங்கினால்தான் படம் வரும் என்பதால், முதல் முறை போனது வீணாயிற்று: பேருந்தில் வழியெல்லாம் தூங்கிவிட்டு, மருத்துவமனை வாசலில் விழித்துக்கொண்டாள், கொடுத்த தூக்க மருந்துக்கும் அசையவில்லை. அடுத்த முறை முந்தைய இரவு பன்னிரண்டு மணி வரை அவளை விளையாட வைத்து, விடியற்காலையிலேயே எழுப்பி, பேருந்தில் தூங்கவிடாமல் கூட்டிப்போனோம். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

தொண்ணூறு டெசிபலிலும் அலை இல்லை. ஆடியாலஜிஸ்ட் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். இரு காதுக்கும் கோடுகள் தட்டையாக ஓடியிருந்தன. அந்தப் படத்தைப் படிக்கத் தெரியாத எனக்கும் அது புரிந்தது.

அடுத்த ஒன்பது மாதங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நடுக்காதில் நீர் இல்லை என்று பார்த்தார்கள். இரு காதுக்கும் சாதாரணக் கேட்கும் கருவி பொருத்தி மூன்று மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள்; பயன் தெரியவில்லை. மிஞ்சியது காக்ளியர் இம்ப்ளாண்ட்: காதுக்கு வெளியே மாட்டும் கருவி வாங்கும் சத்தத்தை, அறுவை செய்து உட்காதுக்குள் பொருத்திய மின்முனைகள் வழியாக நேரே கேள்வி நரம்புக்குத் தருவது. சி.டி. ஸ்கேனில் நத்தை எலும்பு ஒழுங்காக உருவாகியிருக்கிறதா என்றும், எம்.ஆர்.ஐ.யில் கேள்வி நரம்பு இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். இந்தப் படங்கள் இல்லாத காலத்தில், திறந்து பார்த்த பிறகுதான் உள்ளே நரம்பே இல்லை என்பது தெரியவரலாம் என்று மருத்துவர் சொன்னபோது, அந்த எம்.ஆர்.ஐ. குகைக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தது பெரிதாகத் தோன்றவில்லை. நிமோனியாக் கிருமிக்கான தடுப்பூசியை அறுவைக்கு முன்பே போட்டார்கள். உட்காதைத் திறப்பதால் மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பைத் தடுக்க அது கட்டாயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை கிடைக்கிறது. அத்தான் வாழை போடுபவர்; ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரத்துக்குள் என்ற அப்போதைய வரம்புக்குள் நாங்கள் வந்தோம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, பிறப்புச் சான்று என்று அலைந்ததில் பெயரின் ஓர் எழுத்து மாறியிருந்ததற்கு மட்டும் ஒரு மாதம் போயிற்று. குழந்தையின் பெயர் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதனைகள் நடந்துகொண்டிருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

காத்திருந்த நாட்களில் காக்ளியர் இம்ப்ளாண்ட்டின் கதையைத் தேடிப் படித்தேன். 1957இல் பாரிஸில் ஜூர்னோ, எய்ரியேஸ் என்ற இருவர் கேள்வி நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தனர். 1961இல் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் ஒற்றை மின்முனையை உட்காதில் வைத்தார். சத்தம் உண்டா இல்லையா என்பது தெரிந்தது, சொல் தெரியவில்லை. பல மின்முனைகள் வேண்டும், ஆனால் சுருளுக்குள் அவற்றை எப்படிச் செலுத்துவது? ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க்குக்கு இதற்கு வழி கிடைத்தது ஒரு கடற்கரையில். விடுமுறையில் கிடைத்த சிப்பிச் சுருள் ஒன்றுக்குள் புல்லிதழைச் செருகிப் பார்த்தவர், நுனி இளகியும் அடி விறைத்தும் இருக்கும் புல் சிரமமில்லாமல் சுருண்டு உள்ளே போவதைக் கண்டார். காது மந்தமான தந்தைக்குப் பிறந்த மகன் அவர். 1978இல் மெல்போர்னில் தம் பல மின்முனைக் கருவியை முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார். தூத்துக்குடிச் சங்கைக் காதில் வைத்துக் கடல் கேட்கிறதா என்று விளையாடிய எனக்கு, சங்குக்குள் புல்லை விட்டுப் பார்க்கத் தோன்றியதில்லை.

2014 செப்டம்பரில் அறுவை நடந்தது. அவளுக்கு அப்போது இரண்டு வயது ஏழு மாதம். காதுக்குப் பின்னால் கீறி, எலும்பைத் துளைத்து, முக நரம்புக்கும் சுவை நரம்புக்கும் இடையில் உள்ள இடுக்கு வழியாக உள்ளே போக வேண்டும். முக நரம்பில் பட்டால் வாய் கோணிவிடும் என்பது எங்கள் பெரும் பயம். அந்த நரம்பை நெருங்கினால் ஒலி எழுப்பி எச்சரிக்கும் கருவி இருக்கிறது என்று விளக்கினார்கள். தையல் பிரிக்கும் முன்பே அவள் வார்டில் ஓடி விளையாடினாள். மேலும் மூன்று வாரம் கழித்துத்தான் வெளிக்கருவியை மாட்டி இயக்கினார்கள்.

அந்த நாளைப் பற்றி ஒரு சொல். அலைபேசியில் வரும் காணொளிகளில் குழந்தை சிரிக்கும், தாய் அழுவாள். எங்கள் மகள் சத்தம் நுழைந்ததும் பயந்து அலறி, கருவியைப் பிடுங்கி எறிந்தாள். முதல் இரண்டு வாரம் அதைத் தலையில் வைத்திருக்கச் செய்வதே எனக்கு முழுநேர வேலை. மூன்றாம் வாரம் ஒரு மதியம், அடுக்களையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் விளையாட்டை நிறுத்தி, தலையைச் சாய்த்து, காதைத் தொட்டுக் காட்டினாள். நானே கவனித்திராத சத்தம் அது. அன்று முழுதும் குழாயை மூடவில்லை. தண்ணீர்ப் பஞ்சமான ஊரில் அது குற்றம்தான்.

கருவி பொருத்தினால் பேச்சு வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். கண்ணாடி போட்டதும் எழுத்து தெரிவதைப் போல. அப்படியில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரத்தில் மெல்லக் கேட்கிறது, எவ்வளவில் தாங்க முடியாமல் போகிறது என்று அளந்து ஒழுங்கு செய்யும் மேப்பிங் முதல் ஆண்டில் பலமுறை நடக்க வேண்டும். சொல்லத் தெரியாத குழந்தையிடம் இதைக் கேட்டுப் பெற முடியாது என்பதால், வீட்டில் அவள் எந்தச் சத்தத்துக்குக் கண் சிமிட்டினாள், எதற்கு முகம் சுளித்தாள் என்று நான் எழுதி வைத்த நோட்டு ஆடியாலஜிஸ்ட்டுக்குப் பெரிதும் உதவியது. தினமும் காலையில் ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்தது வரை பேச்சின் முழு வீச்சையும் இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன. டேனியல் லிங் என்பவர் வகுத்தது. ஆறில் ஒன்று கேட்கவில்லையென்றால் கருவியிலோ மேப்பிங்கிலோ கோளாறு இருக்கலாம். அம்மாவின் வாயசைவைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வாயை மறைக்கச் சொன்னார்கள். நான் சுளகை வைத்து மறைத்துக்கொண்டேன். சுளகுக்குப் பின்னாலிருந்து அம்மா 'ஷ்' என்றால், அவள் ஒரு கொண்டைக்கடலையைக் கிண்ணத்தில் போட வேண்டும். கையை வைத்து மறைத்தால் குரல் மழுங்குகிறது; சுளகைச் சற்றுத் தள்ளிச் சாய்த்துப் பிடித்தால் மழுங்குவதில்லை.

இரண்டாவது குழந்தைக்கு முன்பு மருத்துவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். நானும் அத்தானும் சொந்தம். ஒரே மூதாதையிடமிருந்து வந்த பழுதான மரபணு ஒன்றை நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பிரதியாகச் சுமந்திருக்கலாம். இரண்டும் ஒரே குழந்தையில் சேர்ந்தால் காது கேட்காது, அப்படிச் சேரும் வாய்ப்பு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்று ஊரில் சொல்லும் கணக்கு பொய். பின்னாளில் இரத்தப் பரிசோதனையில் அது கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணு என்று தெரிந்தது. பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு மிகப் பரவலான மரபுக் காரணம் அதுதானாம். அத்தைக்கு இதைச் சொல்லப் பயந்தேன். கேட்டுவிட்டு, "என் அண்ணன் மகளக் கட்டி வச்சது நான், குத்தம் எனக்கா?" என்று மட்டும் கேட்டார். எவருடைய குற்றமும் இல்லை என்று நான் சொன்னதை அவர் இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

2017இல் மகன் பிறந்தான். இந்த முறை கோப்பைப் பீரோவில் வைக்கவில்லை. இரண்டாம் நாள் ஓ.ஏ.இ.யில் ரெஃபர். ஆறாம் வாரம் பெரா. பால் குடித்த மயக்கத்தில் தானாகவே தூங்கினான், மருந்தே தேவைப்படவில்லை. மூன்று மாதத்துக்குள் என்றால் இந்தச் சோதனை எவ்வளவு எளிது என்பதை அன்றுதான் கண்டேன். அவனுக்கும் கோடுகள் தட்டை. நான் அழவில்லை, அத்தான் அழுதார். மூன்றாம் மாதம் கேட்கும் கருவி, பதின்மூன்றாம் மாதம் இம்ப்ளாண்ட். உலகெங்கும் ஆடியாலஜிஸ்ட்டுகள் சொல்லும் கணக்கு ஒன்று, மூன்று, ஆறு: ஒரு மாதத்துக்குள் சோதி, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கு. மகன் அந்தக் கணக்குக்குள் வந்தான், மகள் வரவில்லை.

ஒரே வீடு, ஒரே தாய், ஒரே மரபணு, அதே சுளகு. மகன் மூன்று வயதில் "அக்கா மட்டும் ஏன் முறுக்கு ரெண்டு எடுத்தா?" என்று வழக்குக்கு வந்தான். மகள் அப்படியொரு முழு வாக்கியம் சொன்னபோது அவளுக்கு ஐந்தரை வயது. அவன் சொற்களைக் காற்றிலிருந்து பொறுக்கினான்; அவளுக்கு ஒவ்வொரு சொல்லையும் நான் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மூளையில் கேள்விக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சத்தம் வராவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுகிறது என்று சொல்கிறார்கள். மகனுக்குக் கிடைத்த கருவி மூன்றரை ஆண்டு புதியது என்பதையும், எனக்கும் இரண்டாம் முறை கை பழகியிருந்தது என்பதையும் கழித்துக்கொண்டு பார்த்தாலும், இடைவெளியைப் பெரும்பாலும் செய்தது வயதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்று மகள் எட்டாம் வகுப்பு. ல, ள, ழ மூன்றும் அவளுக்கு இன்னும் தகராறுதான். எங்கள் ஊரில் எல்லோருக்குமே தகராறுதான்; வாழைத் தோட்டக்காரரான அவள் அப்பாவே 'வாளை' என்றுதான் சொல்வார். ஒருநாள் புத்தகத்தில் 'வாழை' என்று பார்த்துவிட்டு, தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று கலங்கி வந்து நின்றாள். உன் காதில் கோளாறில்லை, அப்பா நாக்கில்தான் கோளாறு என்று சொன்ன பிறகே முகம் தெளிந்தது.

கருவியோடு வாழும் நடைமுறையில் நாங்கள் பட்டுத் தெரிந்தவை சில உண்டு. தேங்காய் எண்ணெய் ஒலிவாங்கியின் துளையை அடைத்துவிடும். தலைக்கு எண்ணெய் வைப்பது இரவில், கருவியைக் கழற்றிய பிறகுதான். எங்கள் ஊர் வெயிலில் வியர்வை உள்ளே இறங்கும் என்பதால் இரவில் சிலிக்கா மணிகள் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். மணிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் வறுத்தெடுத்து மறுபடி போடலாம். தலைக்குள் காந்தம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், எந்த மாதிரிக் கருவி என்ற அட்டையைக் காட்டாமல் அறைக்குள் விடக் கூடாது. விபத்தில் நினைவிழந்து போனாலும் தெரியும்படி அதன் நகலைப் பள்ளிப் பையில் வைத்திருக்கிறேன். அரசு திட்டம் அறுவையைத் தந்தது. அதன் பிறகு அறுந்துபோன கம்பி, பேட்டரி, உத்தரவாதக் காலம் முடிந்த வெளிக்கருவி எல்லாம் எங்கள் கையிலிருந்து. ஒரு தார் வாழைக்கு என்ன விலை என்று கேட்டால் அத்தான் இப்போது, எத்தனை தார் ஒரு கம்பி என்றுதான் பதில் சொல்கிறார். இந்தச் செலவை முதல் நாளே யாரும் சொல்வதில்லை. பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 தொடக்கத்தில் உறவினர்கள் எல்லோரும் எனக்கு ஒரே செய்தியை அனுப்பினார்கள். ஷாங்காயில் பிறவியிலேயே காது கேளாத ஆறு குழந்தைகளுக்கு உட்காதில் மரபணுவையே மருந்தாகச் செலுத்தியதில் ஐவருக்குக் கேட்கும் திறன் கிடைத்தது என்ற செய்தி. அது உண்மைதான், ஆனால் அந்தக் குழந்தைகளின் பழுது ஓட்டோஃபெர்லின் என்ற வேறொரு மரபணுவில். என் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் பட்டது. ஓட்டோஃபெர்லின் பழுதுள்ள குழந்தைகளில் பலருக்கு ஓ.ஏ.இ. 'பாஸ்' என்று வந்துவிடும், ஏனென்றால் எதிரொலி தரும் மயிரணுக்கள் நன்றாகவே இருக்கின்றன. செய்தி நரம்புக்குப் போகும் இடத்தில்தான் பழுது. கடும் மஞ்சள் காமாலையால் நரம்புவழி கெட்ட குழந்தைகளுக்கும் இதே நிலை வரலாம். இவர்களைப் பிடிப்பது பெரா மட்டும்தான். எனவே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, மஞ்சள் காமாலை முற்றிய குழந்தை, குடும்பத்தில் காது கேளாதவர் உள்ள குழந்தை ஆகியோருக்கு, பாஸ் என்று வந்தாலும் பெரா எடுத்துவிடுவது நல்லது.

போன மாதம் என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. காமாலை ஏறி நான்கு நாள் விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். ஓ.ஏ.இ. இரு காதுக்கும் பாஸ் என்று தம்பி அலைபேசியில் குதித்தான். கோப்பின் கடைசித் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரா. குழந்தைக்கு ஒன்பதரை வரை பால் கொடுக்க வேண்டாம் என்று தம்பி மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.